ஒரு முழம் இறங்கிய பெட்டி

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி கழுவியது. ஞாயிற்றுக்கிழமை. சர்ச்சுக்குப் போய் வந்து, சாப்பிட்டு, வெயில் தாழ்ந்த பிறகு.

கறுப்பு சின்டெக்ஸ் தொட்டி. இரும்பு ஸ்டாண்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. ஏணி வைத்துத்தான் ஏற வேண்டும். நான் ஏணியைப் பார்த்தேன். பாரம் தூக்கும் இயந்திரங்களைச் சோதித்துச் சான்று கொடுப்பது என் தொழில். கிரேன், சங்கிலி, கொக்கி எல்லாம் அதில் வரும். ஏணியின் காலில் ரப்பர் இருந்தது. படி எதுவும் ஆடவில்லை.

“நான் பாத்துட்டேன்பா. நல்லாதான் கீது.”

“நான் பாக்கலயே” என்றார். ஒவ்வொரு படியையும் கையால் அழுத்திப் பார்த்தார்.

பிறகு இடுப்பில் கயிறு கட்டினார். மறுமுனையை மாடித் தூணில் கட்டினார். அறுபத்திரண்டு வயது. ஏறித் தொட்டிக்குள் இறங்கினார். பிளாஸ்டிக் வாளியை எட்டிக் கொடுக்க நான் இரண்டாவது படியில் கால் வைத்தேன்.

“ஏய், எறங்கு. நீ கீயயே நில்லு.”

“அப்பா, நேத்து ஒரு கிரேன் மேல நடந்துட்டு வந்தேன். நாப்பதடி.”

“அத்த என்னாண்ட சொல்லாத. இங்க நான் கீறேன். எறங்கு.”

இறங்கினேன். வாளியைக் கயிற்றில் இழுத்துக்கொண்டார். உள்ளே தேங்காய் நார் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

கீழே வாசலில் என் மகள் ஏஞ்சலின் நின்று கத்தினாள். மூன்றரை வயது.

“தாத்தா! ஊஞ்சலு கட்டினியா?”

“தாத்தா வேலையா கீறேன்டா செல்லம்” என்று தொட்டிக்குள்ளிருந்து குரல் வந்தது.

“நீ எப்பவும் வேலையாவே கீற!”

தொட்டிக்குள் சிரித்தார்.

கீழே வந்ததும் ஏஞ்சலின் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினாள். அவர் அவளைத் தூக்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். அவளே மடியில் ஏறிக்கொண்டாள். எந்தக் குழந்தை கை நீட்டினாலும் அவர் உட்கார்ந்துவிடுவார். மூட்டு வலி என்று தெருவில் நினைத்தார்கள். எதிர்வீட்டுக் கங்கம்மா சூளூர்ப்பேட்டையிலிருந்து தைலம்கூட வாங்கி வந்து கொடுத்தார். அப்பா நன்றி சொல்லி வாங்கி வைத்துக்கொண்டார். அவருக்கு மூட்டு வலி கிடையாது.

அந்த வாரமே வியாழக்கிழமை காலை டீ குடித்துக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். ஆட்டோ மருத்துவமனைக்குப் போய்ச் சேரும்முன் முடிந்துவிட்டது.

கும்மிடிப்பூண்டி, கிரேன், சிறுமி என்று இணையத்தில் தேடினால் அவர் வருவார். அரை நிமிடம்கூட இல்லாத ஒரு காட்சி. அதன்கீழே முன்பின் தெரியாதவர்கள் எழுதியிருப்பதை நான் படித்திருக்கிறேன். தூக்கில் போட வேண்டும் என்று ஒருவர். இவனுக்கெல்லாம் பிள்ளை எதற்கு என்று ஒருவர். அந்தச் சிறுமி நான். அந்த அரை நிமிடத்துக்கு முன்னும் பின்னும் அவர் வாழ்ந்தார். அதை எழுதுகிறேன்.

பெயர் ஆசீர்வாதம். ஆரணி ஆற்றங்கரையில் ஒரு சேரியில் பிறந்தவர். அவருடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் கழனியில் நாற்று நட்டவர்கள், அறுத்தவர்கள். அப்பாவும் பள்ளிக்கூடம் விட்டதும் அதே கழனியில் இறங்கினார். கும்மிடிப்பூண்டியில் ஆலைகள் வந்தபோது, கம்பி உருட்டும் மில் ஒன்றுக்கு ஆள் எடுத்தார்கள். போய்ச் சேர்ந்தார். முதலில் கீழே நின்று கம்பிக்கட்டுக்குச் சங்கிலி மாட்டும் வேலை. பிறகு கிரேன் ஓட்டுபவர் பக்கத்தில் உட்கார்ந்து பழகி, அவர் ஓய்வு பெற்றதும் இவரே ஓட்டுநர் ஆனார்.

மில்லின் கூரைக்குக் கீழே, இரண்டு பக்கச் சுவரோரம் போட்ட தண்டவாளத்தில் ஓடும் கிரேன். அதன் ஓரத்தில் தொங்கும் சின்ன அறை அவருடையது. செங்குத்தான ஏணியில் காலையில் ஏறினால் சாப்பாட்டுக்குத்தான் இறங்குவார். கீழே நின்று கை காட்டுபவர் ராஜமாணிக்கம். இருவரும் ஒரே ஊர். ஒருவர் கையை ஒருவர் படிப்பார்கள். அப்பா ஓட்டினால் தொங்கும் கட்டு ஆடாது என்பார்கள். அதில் அவருக்குப் பெருமை இருந்தது. “கயனில கூன் போட்டு நின்னவன் மவன், ஆபீசருங்க தலைக்கு மேல உக்காந்துக்கினு கீறேன்” என்று அம்மாவிடம் சொல்வார். அம்மா செண்பகம், “எறங்கி வந்து விறகு ஒடை” என்பாள்.

என் குழந்தைப் பருவம் இரண்டு துண்டாக இருக்கிறது. முதல் துண்டில் இருந்த அப்பா வேறு ஆள்.

அந்த அப்பா ஏரியில் எனக்கு நீச்சல் கற்றுக்கொடுத்தார். என் இடுப்பில் கயிறு கட்டி, மறுமுனையைத் தன் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு, “போ” என்பார். நடு ஏரி வரை போவேன். மூழ்கினால் இழுப்பார். கரையில் துணி துவைக்கும் பெண்கள் திட்டுவார்கள்.

“பொட்டப் புள்ளய இன்னாடா பண்ற, சாவடிக்கவா?”

“கயிறு என் கைல கீது” என்பார் அவர்களிடம். என்னிடமும் அதையே சொல்வார். “கயிறு என் கைல கீது. நீ போ.”

பனைமரத்தில் பாதி உயரம் ஏற்றிவிட்டிருக்கிறார். மின்ரயிலில் கதவோரம் நிற்கவைத்து, என் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டு, காற்றில் வாயைத் திறக்கச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் சரியா என்று இன்று என்னைக் கேட்டால், சரியில்லை. சட்டைக் காலர் பாரம் தாங்கும் பொருள் இல்லை. ஆனால் அந்த வயதில் எனக்குப் பயம் என்றால் என்னவென்று தெரியாது. அந்தத் துணிச்சலை அவர்தான் எனக்குக் கொடுத்தார்.

நான் நான்காம் வகுப்பு படித்தபோது, கிரேன் ஓடும் தண்டவாளத்தின் பக்கத்தில் புறா கூடு கட்டியது. அப்பா தினமும் வந்து சேதி சொல்வார். இன்று முட்டை. இன்று குஞ்சு பொரித்துவிட்டது. மஞ்சள் மயிர், பெரிய மூக்கு, பார்க்கச் சகிக்காது. நான் பார்க்க வேண்டும் என்றேன். ஏணி ஏற முடியாது என்றார். நான் விடவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அன்று எங்கள் பக்கத்து ஆலைகளில் தொழிலாளர்களின் குடும்பங்கள் உள்ளே போகலாம். பொரி, கடலை, சுண்டல் கொடுப்பார்கள். இந்து, கிறிஸ்துவர் என்ற கணக்கெல்லாம் அன்றைக்கு இல்லை. அப்பாவும் தன் கிரேனுக்கு மாலை போடுவார். ஒரு வருடம் பாஸ்டர் கேட்டதற்கு, “வருசம் பூரா அது என்னத் தூக்கிக்கினு கீது ஐயரே, ஒரு நாள் நான் பூவு போட்டா தப்பா?” என்றாராம்.

அன்று காலை அப்பா முன்கூட்டியே போய்விட்டார். நட்டு, போல்ட் போட்டு ஏற்றும் இரும்புப் பெட்டி ஒன்று மில்லில் இருந்தது. என் மார்பு உயரம். நான்கு மூலையிலும் சங்கிலி. அதில் மணல் மூட்டையை வைத்து மேலே ஏற்றினார். நிறுத்தினார். இறக்கினார். மறுபடி நிறுத்தினார். சரியாக நின்றது. கீழே நின்று பார்த்த ராஜமாணிக்கம் மாமா இதைப் பின்னாளில் எனக்குச் சொன்னார்.

பிறகு பூஜைக்காக கிரேனைத் துடைத்தார். குங்குமம் வைக்கும்முன் இரும்பு மின்ன வேண்டும். எண்ணெய்த் துணியால் துடைத்தால்தான் மின்னும். எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள்.

பூஜை முடிந்தது. பூசணிக்காய் உடைத்தார்கள். அதன்பின் அப்பா என்னைப் பெட்டிக்குள் நிறுத்தினார். தன் பாதுகாப்புப் பெல்ட்டை என் மேல் இரண்டு சுற்றுச் சுற்றிச் சங்கிலியில் மாட்டினார். ஃபோர்மன் சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

“இன்னாங்க இது பேஜாரு, உட்டுடுங்க.”

“மூட்டை போட்டுப் பாத்துட்டேன் செம்பா.”

“அது மூட்டை. இது புள்ள.”

“ரெண்டும் ஒரே எடைதான்” என்று ராஜமாணிக்கம் மாமா சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பா ஏணி ஏறினார்.

நான் மேலே போனேன். ஆடவில்லை. கூட்டம் சின்னதானது. கூரை ஓட்டையில் வந்த வெயில் முகத்தில் பட்டது. கூடு பக்கத்தில் வந்தது. இரண்டு குஞ்சு. அப்பா சொன்னபடியே அசிங்கமாக இருந்தன. கை நீட்டினேன். ஒன்று வாயைத் திறந்தது. கண்ணாடி அறைக்குள் இருந்து அப்பா என்னைப் பார்த்துத் தலையாட்டினார். என் வாழ்க்கையில் அவ்வளவு உயரத்தில் நான் பிறகு எத்தனையோ முறை நின்றிருக்கிறேன். அது போல இருந்ததில்லை.

இறங்கும் வழியில் ஓர் இடத்தில் பெட்டி நிற்க வேண்டும். நின்றது. நிற்பதற்கு முன் ஒரு முழம் வழுக்கியது. நான் வீறிட்டேன். பிறகு சிரித்தேன். பெட்டி மெதுவாகத் தரைக்கு வந்தது. அம்மா ஓடி வந்து பெல்ட்டை அவிழ்த்தாள். அப்பா இறங்கி வர நேரம் ஆனது. அவர் முகம் சுண்ணாம்பு பூசியது போல இருந்தது. என்னைத் தொடவில்லை. அப்போது நான் அதை நினைத்துப் பார்க்கவில்லை. குஞ்சைப் பற்றிச் சொல்வதில் மும்முரமாக இருந்தேன்.

யாரோ ஒருவருடைய உறவினர் கேமரா போன் வைத்திருந்தார். அப்போது அது புதிது. அவர் எடுத்தது கைமாறிக் கைமாறி ஒரு செய்தி சேனலுக்குப் போனது.

அடுத்த வாரம் டீக்கடை டிவியில் ஓடியது. “மகளை அந்தரத்தில் தொங்கவிட்ட அரக்கத் தந்தை.” என் முகத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். நான் குஞ்சுக்குக் கை நீட்டிய இடத்தில் “உயிருக்குக் கெஞ்சும் பிஞ்சு” என்று எழுத்து. கூடு படத்தில் இல்லை. பெல்ட் கட்டியது இல்லை. நான் வீறிட்டதை மறுபடி மறுபடி போட்டார்கள், பின்னால் உடுக்கைச் சத்தத்தோடு. சிரித்ததை வெட்டிவிட்டார்கள். தரையில் உடைந்த பூசணிக்காயும் குங்குமமும் மங்கலாகத் தெரிந்தன. அதற்கும் ஒரு வட்டம். “தரையில் சிவப்பாக இருப்பது என்ன? நரபலி முயற்சியா?”

“வேதக்காரன் ஊட்டுல நரபலியா? இன்னாடா கத இது” என்று கங்கம்மா தெருவில் நின்று சத்தம் போட்டார். சத்தம் தெருவைத் தாண்டவில்லை.

சேனல்காரர்கள் வீட்டுக்கு வந்தார்கள். அப்பா காவல் நிலையத்தில் இருந்தார். ஒன்பது வயதான என்னை இடுப்பில் வைத்துக்கொள்ளும்படி அம்மாவிடம் சொன்னார்கள். என் கால் அவள் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. மைக் வைத்திருந்தவர் இளைஞர், கனிவாகத்தான் பேசினார்.

“பயந்துட்டியா பாப்பா?”

“இல்ல. குஞ்சு பாத்தேன்.”

“கொஞ்சம்கூட பயமில்லையா? யோசிச்சுச் சொல்லு.”

“வரும்போது ஒரு எடத்துல குலுங்குச்சு.”

“அப்போ அழுதியா?”

“சிரிச்சேன்.”

அவர் கேமராக்காரரைப் பார்த்தார். “அம்மா அழறத மட்டும் எடுத்துக்க” என்றார்.

போலீஸ் எழுதி வாங்கிக்கொண்டு அப்பாவை அனுப்பியது. குழந்தைகள் நல அலுவலகத்திலிருந்து ஓர் அம்மா வந்து என்னிடம் தனியாகப் பேசினார். அப்பா அடிப்பாரா, குடிப்பாரா என்று கேட்டார். இல்லை என்றேன். பேனா கொடுத்துவிட்டுப் போனார். மில்லில் விசாரணை வைத்தார்கள். சிரித்த ஃபோர்மன், தான் அன்று அங்கே இல்லை என்றார். எதைக் கேட்டாலும் அப்பா சொன்னது ஒன்றுதான்: “நான்தான் பண்ணேன்.” கிரேனிலிருந்து இறக்கினார்கள். பழைய இரும்பு பிரிக்கும் இடத்தில் போட்டார்கள். பிறகு மில் கைமாறியபோது அதுவும் போய், ஒரு கிடங்கு வாசலில் காவலாளியானார்.

சேனலுக்கு அடுத்த வாரம் வேறு ஏதோ கிடைத்தது. எங்களை மறந்தார்கள். அப்பா மறக்கவில்லை.

பத்து வயதில் எனக்கு வேறு அப்பா. இந்த அப்பா ஏரிப்பக்கம் போகவிடவில்லை. சைக்கிள் விற்கப்பட்டது. பழவேற்காடு படகுச் சவாரிக்குப் பள்ளியில் கூட்டிப்போனார்கள். நான் வீட்டில் இருந்தேன். திருவாலங்காட்டுத் திருவிழாவில் ராட்டினம் சுற்றுவதைத் தூர நின்று பார்த்தேன். தண்டவாளம் தாண்டும்போது மற்ற அப்பாக்கள் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டார்கள். இவர் என் பின்னால் இரண்டடி தள்ளி வந்தார், கையைத் தொடாமல், இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு. பள்ளியில் எனக்கு ‘கிரேன்’ என்று பெயர். அதைப் பொறுத்துக்கொள்ள முடிந்தது. அவர் என்னைத் தூக்காமல் போனதைப் பொறுத்துக்கொள்ளக் கஷ்டமாக இருந்தது. டிவிக்குப் பயந்துவிட்டார் என்றுதான் நானும் அம்மாவும் நினைத்தோம். ஊர் வாய்க்கு ஒடுங்கிப்போன மனிதர் என்று நினைத்தோம்.

டிப்ளமோ படித்தேன். மெக்கானிக்கல். சோதனை நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. முதல் நாள் கிளம்பும்போது நாஷ்டா தட்டை என் முன்னால் வைத்துவிட்டு அப்பா கேட்டார்.

“கிரேன் பாக்கும்போது பிரேக் டிரம்ம தொட்டுப் பாப்பியா?”

“பாப்போம்பா.”

“கண்ணால இல்ல. வெரலால.”

“சரிப்பா.”

கிரேன் ஓட்டியவர், கேட்கிறார் என்று நினைத்தேன்.

ஒரு பயிற்சி வகுப்பில் அந்தக் காட்சியை மறுபடி பார்த்தேன். அதற்குள் அது இணையத்துக்கு வந்து, வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருந்தது. பாடம் எடுத்தவர் சத்தத்தை அணைத்துவிட்டுத் திரையில் ஓடவிட்டார்.

“இதுல என்னென்ன தப்பு? எழுதுங்க.”

எல்லோரும் எழுதினோம். சரக்குத் தூக்கும் கிரேனில் ஆளை ஏற்றக் கூடாது. கொக்கி வாயில் பூட்டு இல்லை. கீழே ஆட்கள் நிற்கிறார்கள். எல்லாம் சரி. நானும் அவற்றையே எழுதினேன். இன்று யாராவது என்னிடம் அனுமதி கேட்டால் மறுப்பேன். எழுத்தில் மறுப்பேன்.

“இவனையெல்லாம் உள்ள தள்ளணும் சார்” என்று பக்கத்தில் இருந்தவர் சொன்னார்.

“அந்தப் பொண்ணு என்ன ஆச்சோ” என்றார் பாடம் எடுத்தவர்.

இறங்கும் இடத்தை இன்னொரு முறை போடச் சொன்னேன். போட்டார். கண்ணாடி அறையில் அப்பாவின் தோள் அசைகிறது. கைப்பிடியை நிறுத்தத்துக்குக் கொண்டுவருகிறார். பெட்டி அங்கேயே நிற்க வேண்டும். நிற்கவில்லை. ஒரு முழம் இறங்கி நிற்கிறது. பிரேக் பிடித்தது, ஆனால் தாமதமாகப் பிடித்தது. அந்த வகுப்பில் யாரும் அதை எழுதவில்லை. சேனலும் அதைப் பார்க்கவில்லை. அதே இடத்தைத்தான் அவர்கள் உடுக்கைச் சத்தத்தோடு அத்தனை முறை போட்டார்கள்.

நேராகக் கிடங்குக்குப் போனேன். அப்பா கேட் பக்கத்தில் ஸ்டூலில் இருந்தார். லாரி ஒன்று உள்ளே போகும்வரை காத்திருந்தேன்.

“அன்னைக்கு ஏம்பா வழுக்குச்சு?”

என்னைப் பார்க்கவில்லை. கேட்டைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார்.

“பாத்துட்டியா?”

“பாத்தேன்.”

“எண்ண. டிரம்முல எண்ண.”

“யாரு தொடச்சது?”

“நான்தான். நான்தான பூஜ போட்டது. வருசா வருசம் தொடைப்பேன். பளபளன்னு இருக்கும்.”

பிரேக் டிரம் என்பது ஓர் இரும்பு வளையம். அதை இரண்டு பக்கமும் கட்டைகள் கவ்விப் பிடித்தால்தான் பாரம் நிற்கும். அதில் எண்ணெய் பட்டால் பிடி வழுக்கும். ஆனால் ஆயுத பூஜை அன்று இயந்திரத்துக்கு ஓய்வு. துடைத்து, பூ வைத்தபின் யாரும் ஓட்டுவதில்லை. மறுநாள் காலை முதலில் வெறும் கொக்கியை ஏற்றி இறக்கி ஓட்டுவார்கள். எண்ணெய் தேய்ந்துபோகும். அத்தனை வருடமும் அது ஒன்றும் செய்ததில்லை. அந்த ஒரு நாள்தான் அவர் ஓய்வைக் கலைத்தார். துடைப்பதற்கு முன்னால் சோதனை செய்தார். துடைத்ததற்குப் பின்னால் என்னை ஏற்றினார்.

“அன்னிக்கி சாயந்தரமே நானும் ராஜமாணிக்கமும் ஏறித் தின்னர் போட்டுக் கயுவிட்டோம்” என்றார். “மறுநாளு கம்பி தூக்கறதுக்கு முன்ன.”

“டிவிக்காரங்ககிட்ட ஏன் ஒண்ணுமே பேசல? குடிகாரன்னான். நரபலின்னான்.”

“இல்லன்னு சொல்லலாம். அவன் கேட்டதுக்கெல்லாம் இல்லன்னு சொல்லிட்டா, கேக்காததுக்கும் சொல்லணும்ல?”

“லோடு ரொம்பக் கம்மிப்பா. எண்ண பட்டாலும் அந்த எடைக்கு நின்னிருக்கும். கணக்குப் போட்டுக் காட்டறேன்.”

“நின்னுச்சுதான். நான் கண்ணால பாத்தேனே.” கொஞ்ச நேரம் சாலையைப் பார்த்தார். “ஆனா அந்த ஒரு மொயத்துக்கு நிக்குமா நிக்காதான்னு எனக்குத் தெரியாது ஹெலனு. கயிறு என் கைல இல்ல.”

இன்னொரு லாரி வந்து ஹாரன் அடித்தது. எழுந்து போய்க் கேட்டைத் திறந்தார். அதன்பின் அந்தப் பேச்சு எங்கள் இருவருக்குள்ளும் வரவில்லை. கணக்கை அன்று பேருந்திலேயே போட்டேன். நின்றிருக்கும். அவரிடம் மறுபடி காட்டவில்லை. அவருக்கு வேண்டியது அது இல்லை என்று தெரிந்தது.

எனக்குத் திருமணம் ஆனது. கணவர் ஜோஷ்வா இதே ஊர்க்காரர். அம்மா வீட்டிலிருந்து இரண்டு தெரு. ஏஞ்சலின் பிறந்தபோது அப்பா அவளைக் கையில் வாங்கவில்லை. கட்டிலில் படுக்கவைக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார். தொட்டில் கட்ட என் கணவரை அழைத்தார். முடிச்சு போட்டதும் வந்து இழுத்துப் பார்த்தார், போனார், மறுபடி வந்து இழுத்துப் பார்த்தார்.

“இன்னா மாமா, என் மேல நம்பிக்க இல்லியா?”

“உன் மேல இல்லாம கீதா? முடிச்சு மேலதான் இல்ல.”

ஏஞ்சலினுக்கு ஊஞ்சல் ஆசை பள்ளிக்கூட மைதானத்தில் வந்தது. தாத்தாவிடம் கேட்டாள். பிறகு என்றார். வேலை என்றார். மழை முடியட்டும் என்றார். அவள் விடவில்லை. என் பிடிவாதம் அவளுக்கு வந்திருக்கிறது. அவர் கட்டமாட்டார் என்று எனக்குத் தெரியும். ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே கட்டிவிடலாம் என்றிருந்தேன்.

அடக்கம் முடிந்து உறவினர்கள் கிளம்பிய பிறகு, பின்கட்டுக்குப் போனேன். துணி காயப்போடும் இடம். மேலே கான்கிரீட் உத்திரம். அதில் புதிதாக ஒரு இரும்பு வளையம் பதித்திருந்தது. சுற்றிலும் சிமெண்ட் பூச்சு காய்ந்து வெளுத்திருந்தது. வளையத்திலிருந்து நைலான் கயிறு. கயிற்றில் மணல் மூட்டை தொங்கியது. ஏஞ்சலினின் எடை மட்டும் இல்லை அது. அவளைப் போல நாலைந்து மடங்கு இருக்கும். மூட்டையின் அடிக்கு நேராகச் சுவரில் கரிக்கோடு போட்டிருந்தார், இறங்குகிறதா என்று பார்க்க. மூட்டை கோட்டிலேயே நின்றது.

“இது எப்பம்மா?”

“தொட்டி கயுவினீங்களே, அதுக்கு முந்தின வாரம் பதிச்சாரு. திங்கக்கெயம மூட்டைய தொங்க உட்டாரு. காலைல எய்ந்தா மொத வேலையா அத்தப் போய்ப் பாப்பாரு. இன்னாங்கன்னு கேட்டா, இரு, சொல்றேன்னாரு.” அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். “ஒரு நாளு தூசியா கீதேன்னு அந்த வளையத்த தொடைக்கப் போனேன். கத்துனாரு பாரு. எண்ண கிண்ண, துணி கிணி ஒண்ணும் அதுல படக் கூடாதுன்னாரு. நீயும் தொடாத.”

நான் தொடவில்லை.

அப்பாவின் போனை நான்தான் வைத்திருக்கிறேன். யாராவது விவரம் தெரியாமல் கூப்பிடுவார்கள் என்று சார்ஜ் போட்டு வைத்திருக்கிறேன். நேற்று பஜாரில் இருக்கும் ஹார்டுவேர் கடையிலிருந்து அழைப்பு.

“அண்ணே, ரெண்டு ஷாக்கிள் கேட்டீங்கல்ல, ஊஞ்சல் பலகைக்கு மாட்ற வளையம், வந்துருச்சு. டெஸ்ட் பண்ணி நம்பர் அடிச்சதுதான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னீங்களே, அதேதான். சாதா கம்பெனி சரக்கு இல்ல. எப்ப வர்றீங்க?”

நான் அவர் மகள் என்று சொன்னேன். அப்பாவைப் பற்றிச் சொன்னேன்.

“போன புதன்கெயம வந்தாரும்மா. இன்னும் வரலன்னேன். மறுநாளு வர்றேன்னு சொல்லிட்டுப் போனாரு.”

மறுநாள் வியாழக்கிழமை.

ஷாக்கிள் இரண்டையும் ஒரு கவரில் போட்டு, ஆசீர்வாதம் என்று எழுதி, மேசைக்குப் பின்னால் ஆணியில் மாட்டி வைத்திருப்பதாகச் சொன்னார். கடையைக் காலையில் திறந்து மதியம் சாப்பாட்டுக்கு மூடுவாராம். ஞாயிறு விடுமுறை.